இரண்டு விரலளவு தோல்

போடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தட்டு வந்து உட்காரும். முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள் நாலைந்து. அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கழுத்தடியில் இருக்கும் ஓட்டையைச் சுற்றித் துடைக்க ஆரம்பிப்பார். புற்றுநோய் வந்து குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதன்பின் மூச்சுக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை. எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான். டாக்டர்கள் அதை ஸ்டோமா என்றார்கள். அம்மா தொளை என்றாள்.

அந்தத் தொளையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் குரலின் வரலாறு. எங்கள் வீட்டில் நடந்த சண்டையோ தொளையைச் சுற்றியிருந்த இரண்டு விரலளவு தோலோடு.

1873 டிசம்பர் 31. வியன்னாவில் தியோடர் பில்ரோத், 36 வயதுக்காரர் ஒருவரின் குரல்வளையை முழுதாக அகற்றினார். புற்றுநோய்க்காகச் செய்த முதல் முழு அகற்றல் என்று மருத்துவ வரலாறு பொதுவாக இதைத்தான் சொல்கிறது. அவரிடம் இருந்த கார்ல் குசென்பவர், ஆர்மோனியத்தில் இருப்பது போல ஒரு ரீடு வைத்துச் செயற்கைக் குரல்வளை செய்து மாட்டினார். நோயாளி பேசினார். ஆனால் நோய் திரும்பி வந்தது. சில மாதங்களில் இறந்துபோனார்.

பார்த்தீர்களா, தொடக்கத்திலேயே எல்லார் கண்ணும் குரல் மேல்தான். ஆனால் அந்தக் காலத்து நோயாளிகள் பலரைக் கொன்றது பேச முடியாமை இல்லை. தொண்டையும் மூச்சுக்குழாயும் ஒட்டியே இருந்ததால் எச்சிலும் சாப்பாடும் நுரையீரலுக்குள் இறங்கின, சீழ் பிடித்தது. 1890களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேக்கப் சோலிஸ்-கோஹென், பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். மூச்சுக்குழாயைத் தொண்டையிலிருந்து பிரித்து, அதன் வாயைக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. ஆட்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள்.

அப்பா கழுத்தில் இருப்பது அந்தத் தையல்தான். உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கும் சவ்வு. வெளியே வெயிலுக்கும் வேர்வைக்கும் பழகிய தோல். இரண்டையும் ஒரே விளிம்பில் சேர்த்தால், இருமும்போதெல்லாம் சளி வந்து தோலில் படியும். துடைக்கத் துடைக்கத் தேயும். துடைக்காவிட்டால் ஊறும். பிழைக்கவைத்த தையல் தினசரி வேலை ஒன்றையும் கொடுத்துவிட்டது. அந்த வேலை ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. கதிர்வீச்சு சிகிச்சை தமிழ்நாட்டுச் சாதாரண ஜனங்களுக்கு எட்டியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் பக்கம் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். அறுவைக்குப் பின் அப்பாவுக்கும் கரண்டு வைத்தார்கள். கட்டியை அடக்குகிற அதே கதிர் தோலையும் தொட்டுவிட்டுத்தான் போகும். அப்பாவின் கழுத்து சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்து உரிந்தது.

இந்த நிலையில் வீட்டுக்கு வந்தார். ஆடி மாதம். போடியில் ஆடிக் காற்று எப்படி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மலை இடுக்கில் புகுந்து, மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, புழுதியை மட்டும் அள்ளிக்கொண்டு இறங்கும். மூக்கு இருந்தால் காற்றை ஈரமாக்கி, சூடாக்கி, வடிகட்டி உள்ளே அனுப்பும். தொளைக்கு அந்த வித்தை தெரியாது. சளி காய்ந்து பொருக்குத் தட்டியது. இருமல் கூடியது. துடைப்பதும் கூடியது.

நாங்கள் செய்யாத தப்பில்லை. அம்மா தண்ணீரில் புண் கழுவும் மருந்தைக் கலந்தாள். பெரியப்பா, “தேங்காண்ணெய் தடவுங்க, எரிச்சல் அடங்கும்” என்றார். பக்கத்து வீட்டக்கா ஈரம் உறிஞ்ச பவுடர் போடச் சொன்னார். நான் மெடிக்கலில் பஞ்சு வாங்கி வந்தேன். பத்தே நாளில் தோல் செக்கச்செவேல் என்று ஆகி நீர் கசிந்தது.

மதுரையில் ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “பஞ்சு நூல், பவுடர், எண்ணெ எல்லாம் மூச்சோட நேரா நுரையீரலுக்குப் போகும்மா. மருந்துத் தண்ணி தோல எரிக்கும்.” பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், நூல் பிரியாத மெத்துத் துணி. துணியைப் பிழிந்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும். காய்ந்த பொருக்கை நகத்தால் பிய்க்காமல் ஈரத் துணியால் ஊறவைத்து எடுக்கணும். கதிர்பட்ட தோலுக்கு டாக்டர் சொன்ன களிம்பு மட்டும். தொளைக்கு முன்னால் மெல்லிய பருத்தித் துணி தொங்கட்டும். தூசியையும் தடுக்கும், மூச்சின் ஈரத்தையும் பிடித்துவைக்கும். அரிப்போடு சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆறாத புண், புதுத் தடிப்பு, ரத்தம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வந்துவிடணும்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டை வாங்கி எழுதினார்: “காய்க்கு ஸ்டோர்ல செய்யிறதுதான்.”

அப்பா முப்பது வருஷம் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தியவர். அறையில் சூடு ஏறினால் தோல் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். ராத்திரியெல்லாம் முழித்திருந்து பக்குவம் பார்ப்பார். போடி ஏலத்தில் தோலின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். தோலின் அருமை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் தோலும் அதே மாதிரிதான் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

குரலின் வரலாறு இதற்குள் வெகுதூரம் போயிருந்தது. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் மார்க் சிங்கரும் எரிக் புளோமும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒருவழி வால்வு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தொளையை விரலால் அடைத்தால் நுரையீரல் காற்று வால்வு வழியாகப் போய்த் தொண்டையை அதிரவைக்கும், பேச்சு வரும். பிற்பாடு பெங்களூருவில் டாக்டர் விஷால் ராவ், சுமார் 50 ரூபாயில் ‘ஓம்’ என்ற வால்வை உருவாக்கினார். இறக்குமதி வால்வு பல ஆயிரம் ரூபாய் விற்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

அப்பாவுக்கும் வால்வு வைத்திருந்தார்கள். ஆனால் காற்றை ஈரமாக்கும் வடிகட்டியைக் கழுத்தில் நிறுத்த ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அப்பா பேசப் பழகியது அந்த வடிகட்டியை விரலால் அழுத்தித்தான். புண்ணான தோலில் ஸ்டிக்கர் நிற்காது. நின்றாலும் பிய்க்கும்போது தோலும் கூட வரும். தொளையை வெறும் விரலால் மூடினாலும் எரிச்சல். வால்வு உள்ளே தயாராக இருந்தும் ஏழு வாரம் அப்பா நோட்டில்தான் பேசினார். 1873-லிருந்து இத்தனை மூளைகள் உழைத்துக் கொண்டுவந்த குரல், போடியில் ஒரு வீட்டில், ஆறாத தோலுக்காகக் காத்துக்கிடந்தது.

அந்த ஏழு வாரமும் அம்மாதான் துணி துவைத்தாள், கொதிக்கவைத்தாள், காயப்போட்டாள். எந்தப் புத்தகத்திலும் இந்த வேலைக்கு ஒரு பத்தி இல்லை. உலகம் முழுக்க இந்த அறுவை நடந்த வீடுகளில் யாரோ ஒருத்தர் இதைச் செய்திருப்பார்கள்.

புரட்டாசியில் தோல் ஆறியது. முதலில் பாதுகாப்புப் படலம் தடவி, அது காயும்வரை காத்திருந்து, அப்புறம் ஸ்டிக்கரை ஒட்டினோம். அப்பா வடிகட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கரகரவென்று ஒரு குரல் வந்தது. பழைய குரல் இல்லை, ஆனால் பேசியது அப்பாதான்.

“இந்தா, காப்பில சீனி பத்தல.”

அம்மா ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.