டிரைவரை ஒரே ஒருமுறை எடுத்து பட்டம் வென்ற டைகர் வுட்ஸ்: கோல்ஃபில் பந்து பறக்கும் உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

கோல்ஃப் என்றாலே ஓங்கி அடிப்பதுதான் என்று பலரும் நினைக்கிறோம். ஆனா, தூரமாக அடிக்கத் தெரிந்தவர் எல்லாம் பட்டம் வெல்வதில்லை. பந்து எவ்வளவு உயரத்தில் பறக்கணும், எந்தப் பக்கம் வளையணும், விழுந்த பிறகு உருளணுமா நிற்கணுமா என்பதை அடிக்கும் முன்பே முடிவு செய்பவர்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார்.

2006-ல் என்ன நடந்தது?

இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் உள்ள ராயல் லிவர்பூல் மைதானத்தில் அந்த ஆண்டு ஓபன் சாம்பியன்ஷிப் நடந்தது. கடும் வெயிலில் புல் காய்ந்து, தரை இறுகிப் போயிருந்தது. பந்து விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். வழியெங்கும் ஆழமான மணல் பள்ளங்கள், அதாவது பங்கர்கள். உள்ளே விழுந்தால், சில நேரம் பந்தைப் பக்கவாட்டில் வெளியே எடுப்பதே பெரும்பாடு.

டைகர் வுட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அதிக தூரம் அடிக்க உதவும் டிரைவர் மட்டையை ஓரங்கட்டினார். 4 நாட்கள், 72 குழிகள். டிரைவரை எடுத்தது ஒரே ஒருமுறை. மற்றபடி பெரும்பாலும் இரும்பு மட்டையால் பந்தைத் தாழ்வாக அடித்து உருளவிட்டார். 18 அண்டர் பார், 2 ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. அதே ஆண்டு மே மாதம்தான் தந்தை ஏர்ல் வுட்ஸை இழந்திருந்தார். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் மைதானத்திலேயே தேம்பி அழுதார்.

பந்து ஏன் மேலெழுகிறது?

மட்டையின் முகம் சற்றுச் சாய்ந்திருப்பதால், அடிபட்ட பந்து பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சி பந்தின் மேல்பக்கக் காற்றை வேகமாக்கி, பந்தை மேலே தூக்குகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குழிகள் காற்றின் இழுவையைக் குறைக்கின்றன. வழவழப்பான பந்து ஏறத்தாழ பாதி தூரம்தான் போகும்.

எதிர்க்காற்றில்தான் சிக்கல். சுழற்சி அதிகமுள்ள பந்தைக் காற்று இன்னும் மேலே தூக்கிவிடும். பந்து முன்னே போகாமல் பொத்தென்று விழும். பலமாக அடித்தால் சுழற்சியும் கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் அனுபவசாலிகள் பெரிய மட்டையை எடுத்து மெதுவாக அடிக்கிறார்கள். பந்தைக் கொஞ்சம் பின்காலை ஒட்டி வைத்து, கைகள் பந்துக்கு முன்னே இருக்க அடித்தால் அது தாழ்வாகக் கிளம்பும். வுட்ஸின் இந்த வகை ஷாட்டுக்கு 'ஸ்டிங்கர்' என்று பெயர்.

பக்கவாட்டு வளைவு

மட்டை முகம் பார்க்கும் திசையிலேயே பந்து பெரும்பாலும் கிளம்பும். மட்டை வீசும் பாதை அதிலிருந்து விலகினால், பந்து வளையும். 2012 மாஸ்டர்ஸ் பிளேஆஃபில் பப்பா வாட்சன் அடித்த பந்து மரங்களுக்குள் போய்விட்டது. நேராக அடிக்க வழியே இல்லை. இடக்கை ஆட்டக்காரரான அவர், பந்தை வலப்பக்கம் ஏறத்தாழ 40 கஜம் வளைத்து கிரீனில் இறக்கினார். லூயி ஊஸ்தைசனை வீழ்த்தி, தன் முதல் மேஜர் பட்டத்தை வென்றார்.

எல்லா நாளும் கைகொடுக்குமா?

கொடுக்காது. 2002-ல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன் இரண்டையும் வென்ற கையோடு ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டுக்கு வந்தார் வுட்ஸ். ஒரே ஆண்டில் நான்கு மேஜர்களையும் வெல்லும் கனவு கண்முன்னே இருந்தது. மூன்றாம் நாள் குளிர், மழை, பேய்க்காற்று. அவர் எடுத்தது 81. கனவு அன்றோடு முடிந்தது.

ஜூலையில் ஓபன் பார்க்க உட்கார்ந்தால், பந்து எவ்வளவு தூரம் போச்சு என்பதை மட்டும் பார்க்காதீங்க. முதலில் கொடி எந்தப் பக்கம் அசைகிறது, வீரர் எந்த மட்டையை எடுக்கிறார் என்று கவனிங்க. ஆட்டத்தின் பாதி அங்கேயே புரிந்துவிடும்.