டேம்ப் என்றால் ஈரமில்லை

பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்க விபத்துகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த புதிதில் 'டேம்ப்' என்ற சொல் என்னை நன்றாகவே ஏமாற்றியது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ஈரம், ஓதம் என்றுதானே பொருள்? 'ஃபயர்டேம்ப் வெடித்தது' என்று வந்த இடத்தில், ஈரம் எப்படிய்யா வெடிக்கும் என்று முழித்தேன்.

விஷயம் இதுதான். அந்தச் சொல்லின் பழைய பொருள் ஆவி, புகை. ஜெர்மனில் இன்றும் நீராவிக்கு டாம்ப்ஃப், நீராவிக் கப்பலுக்கு டாம்ப்ஃபர். ஆங்கிலத்தில் ஈரம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே ஊர் மறந்துபோன பொருளை, கீழே சுரங்கம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

சுரங்கத்தில் டேம்ப் ஒன்றல்ல, ஒரு குடும்பம். ஃபயர்டேம்ப் என்பது பெரும்பாலும் மீத்தேன். லேசானது, கூரையை ஒட்டித் தங்கும். காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பிளாக்டேம்ப் தரையோரம் தேங்கும்; அதில் ஆக்சிஜன் குறைவு, விளக்கு அணையும், மூச்சு முட்டும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு ஸ்டிங்க்டேம்ப். வொய்ட்டேம்ப் கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை. வேதியியல் வந்து பெயர் சூட்டும் முன்பே, விளக்கையும் மூக்கையும் விழுந்த ஆளையும் வைத்தே இவ்வளவு பிரித்திருக்கிறார்கள்.

ஃபயர்டேம்பை ஒழிக்க ஆரம்பத்தில் ஒரு ஆளையே அனுப்பினார்கள். நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு தரையோடு தவழ்ந்து போய், நீண்ட கழியின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, கூரையோரம் தேங்கிய வாயுவைக் கொளுத்திவிடுவது அவர் வேலை. அவருக்குப் பெயர் ஃபயர்மேன். நமக்குத் தீயை அணைப்பவர். அங்கே தீ வைப்பவர்!

1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்கள் பலர். அதன் பிறகு எழுந்த குரல்கள்தான் ஹம்ஃப்ரி டேவியிடம் போய்ச் சேர்ந்தன. 1815-இல் அவர் கம்பி வலை சுற்றிய விளக்கைக் கொடுத்தார். உள்ளே சுடரின் மேல் நீலத் தொப்பி தெரிந்தால் ஃபயர்டேம்ப் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் விளக்கு வந்த தைரியத்தில், முன்பு ஆபத்தென்று ஒதுக்கிய அடுக்குகளிலும் ஆட்களை இறக்கினார்கள். விபத்து நிற்கவில்லை.

குடும்பத்தில் என்னை அதிகம் உறுத்தும் சொல் ஆஃப்டர்டேம்ப். வெடிப்புக்குப் 'பின்' மிஞ்சும் வாயு. 1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் 57 பேர் இறந்தபோது, ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியலாளர் அந்தச் சாவுகளை ஆராய்ந்தார். பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பின் அதிர்ச்சியோ தீயோ இல்லை, அந்தப் பின்வாயுவிலிருந்த கார்பன் மோனாக்சைடு. அதில் விளக்கு பாட்டுக்கு எரியும், ஆள் விழுவார். அதனால்தான் சீக்கிரம் மயங்கும் எலியையோ சிறு பறவையையோ கூடவே கொண்டுபோகச் சொன்னார். பிரிட்டிஷ் சுரங்கங்களின் கேனரிக் குருவிக் கதை அங்கிருந்து தொடங்கி 1986 வரை ஓடியது. மீட்கப் போனவர்களும் திரும்பாமல் போனதற்குக் காரணம் இந்த டேம்ப்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் செய்தித்தாளைப் பிரித்தால், கிணறானாலும் கழிவுநீர்த் தொட்டியானாலும் ஒரே தொடர்: 'விஷவாயு தாக்கி'. ஒருவர் இறங்குகிறார், விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பது உண்டே, அது பிளாக்டேம்புக்கான சோதனை. கழிவுநீர்த் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. அங்கே மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டேதான் இருக்கும். நாற்றத்தை நம்பவும் வழியில்லை. அளவு கூடினால் அந்த வாயு முதலில் செயலிழக்க வைப்பது மூக்கைத்தான்.