நீலச் சட்டைக் காலாட்படை

மாஸ்கோ வாசலில் ஜெர்மன் படை பனியில் சிக்கியது. அந்தக் குளிர்காலம் விழுங்கிய ஆட்களுக்கு ஈடு தேடியபோது, தரைப்படைத் தளபதிகளின் கண் விமானப்படை மேல் விழுந்தது. ஒரு விமானம் மேலே பறக்கக் கீழே எத்தனை பேர் உழைக்க வேண்டும்! என்ஜின் மெக்கானிக், குண்டு ஏற்றுபவர், ரேடியோ பழுதுபார்ப்பவர், ஸ்டோர் கிளார்க், டிரைவர், ஓடுபாதையில் பனி வாருபவர். இவர்களில் ஒரு பகுதியைக் கொடுங்கள், எங்கள் பழைய ரெஜிமென்ட்டுகளில் அனுபவஸ்தர்களோடு சேர்த்துப் பழக்கிக்கொள்கிறோம் என்று 1942-ல் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை.

விமானப்படைத் தலைவர் கோரிங் மறுத்துவிட்டார். நாஜிக் கொள்கையில் வளர்ந்த தன் பிள்ளைகளைத் தரைப்படையின் பழமைவாத ஜெனரல்களிடம் ஒப்படைக்க அவருக்கு மனமில்லை. ஆட்களைக் கொடுத்தால் தன் செல்வாக்கும் குறையுமே! காலாட்படைதானே வேண்டும், நானே அமைத்துத் தருகிறேன் என்றார். ஹிட்லரும் சம்மதித்தார். செப்டம்பரில் அழைப்பு வெளியானது. சுமார் 2 லட்சம் பேரைக் கொண்டு 20-க்கும் மேற்பட்ட ‘விமானப்படைக் கள டிவிஷன்கள்’ திட்டமிடப்பட்டன. களத்தில் உத்தரவு தரைப்படைத் தளபதியுடையது. மற்ற நிர்வாகமெல்லாம் விமானப்படையுடையது. சட்டைகூட அதே நீலச் சாம்பல் நிறம்தான்.

காலாட்படை வேலை ஒரு தொழில். எந்திரத் துப்பாக்கியை எந்த மேட்டில் வைத்தால் பக்கத்துக் குழியையும் காக்கலாம், டாங்கி எவ்வளவு கிட்டே வரும்வரை மூச்சைப் பிடித்துக் கிடக்க வேண்டும், இருட்டில் கேட்கும் சத்தம் நம் ரோந்தா எதிரியா என்பதெல்லாம் பழையவன் பக்கத்தில் கிடந்து புதியவன் கற்றுக்கொள்வது. இந்த டிவிஷன்களிலோ பழையவனே கிடையாது. சிப்பாய்க்குத் தெரியாதது அவனுடைய அதிகாரிக்கும் தெரியாது. கைநெருக்கச் சண்டைப் பயிற்சிக்கும் அனுபவமுள்ள தளபதிகளுக்கும் இவர்கள் எங்கே போவார்கள் என்று தரைப்படைத் தளபதி மான்ஸ்டைன் தன் நினைவுக் குறிப்புகளில் கடுமையாகவே கேட்டிருக்கிறார்.

கேட்க அவருக்கு உரிமை உண்டு. 1942 டிசம்பரில் ஸ்டாலின்கிராடில் வளைக்கப்பட்டிருந்த ஜெர்மன் படையை மீட்க அவர் முயன்றபோது, சிர் நதிக்கரைப் போரில் 7-ஆம், 8-ஆம் விமானப்படை டிவிஷன்கள் வந்த வேகத்திலேயே சிதைந்துபோயின. எனக்கு வயிற்றெரிச்சல் தருவது இன்னொன்று. அதே வாரங்களில், அதே வட்டாரத்தில், தாட்சின்ஸ்காயா விமானத்தளத்தில் சரக்கு விமானங்களின் என்ஜின்கள் கடுங்குளிரில் கிளம்ப மறுத்தன. முற்றுகையில் கிடந்தவர்களுக்கு நாளுக்கு 300 டன் சரக்காவது தேவை. சராசரியாகப் போய்ச் சேர்ந்தது அதில் பாதிகூட இல்லை. மெக்கானிக்கின் கை எங்கே தேவைப்பட்டதோ அங்கே பஞ்சம். எங்கே பயன்படாதோ அங்கே ரைஃபிளைப் பிடித்துக்கொண்டு செத்தது.

இவர்களைக் கோழைகள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1943 அக்டோபர் 6 காலை, நெவெல் அருகே, இரண்டு ராணுவத் தொகுதிகள் சந்திக்கும் தையலில் 2-ஆம் விமானப்படை டிவிஷன் நின்றது. எதிரி தேடுவதே அந்தத் தையலைத்தான். சோவியத் செம்படையின் பீரங்கி ஓய்ந்ததும் காலாட்படை முன்வரிசையைப் பிளந்தது. பின்னால் காத்திருந்த டாங்கிகளும் சிப்பாய்களை ஏற்றிய லாரிகளும் அந்த வழியே புகுந்து, நிற்காமல் ஓடி, அன்றைக்கே நெவெல் நகரத்தைப் பிடித்தன. அத்தனை பலவீனமான ஆட்களை அங்கே நிறுத்தியது சிப்பாயின் குற்றமா?

நவம்பர் 1-ஆம் தேதி மிச்சமிருந்த டிவிஷன்கள் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. முந்தைய ஆண்டு கேட்டது அப்போதுதான் கிடைத்தது, அதுவும் உடைந்த பாத்திரமாக. புதிய அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் 1944 ஜனவரியில் லெனின்கிராடுக்கு மேற்கே ஒரானியன்பாமில் 9-ஆம், 10-ஆம் டிவிஷன்கள் நொறுங்கின. ஜூலையில் பிரான்சின் கான் நகரருகே 16-ஆம் டிவிஷன் பிரிட்டிஷ் தாக்குதலில் சின்னாபின்னமானது. இரண்டுக்கும் நடுவே, ஜூன் கடைசியில், வீடெப்ஸ்க் நகரத்தில் 4-ஆம், 6-ஆம் டிவிஷன்கள் வளைக்கப்பட்டன. பின்வாங்க அனுமதி கேட்டுக் கேட்டு நாட்கள் கழிந்தன. ஹிட்லர் அரைமனதோடு இசைந்தபோது வளையம் மூடியிருந்தது. உடைத்துக்கொண்டு வெளியேறும் முயற்சியில் அந்த இரண்டு டிவிஷன்களின் தளபதிகளும் இறந்தார்கள்.