பதினான்கு நாள் மாத்திரையும் ஒரு குறுஞ்செய்தியும்

பெரியப்பாவுக்கு அல்சர் என்று எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். "வயித்துல கிருமி இருக்கு" என்று சொல்லி, பதினான்கு நாளைக்கு நாலு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வகை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், இரண்டு வகை சாப்பிட்ட பிறகு. ஐந்தாம் நாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. மனுஷன் பயந்துவிட்டார். பயப்பட நியாயமும் இருந்தது. அல்சர் உள்ளவருக்கு மலம் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே வரவேண்டும் என்று அதே மருத்துவமனையில்தான் முன்பு சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலு மாத்திரைகளில் ஒன்று பிஸ்மத், அது சாதாரணமாகவே மலத்தைக் கறுப்பாக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார். வயிற்றுவலி ஏற்கெனவே போயிருந்தது, அதனால் திரும்ப ஆரம்பிக்க ஒரு காரணமும் அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது அதுதான். இந்தக் கிருமிக்கான சிகிச்சையை மக்கள் பாதியில் விடுவது ஏன், அதைத் தடுக்க தொலைபேசியையும் குறுஞ்செய்தியையும் எப்படிப் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கிருமியின் கதை பலருக்கும் தெரிந்ததே, வேகமாகக் கடந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-ல் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கவனித்தார். பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்ததால்தான் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அதுவரை காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகம் நம்பியது (நம்ம ஊரில் இன்னமும் நம்புகிறார்கள்). 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஹெலிகோபாக்டர் பைலோரியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல்.

சிகிச்சையின் கதை இவ்வளவு தெரிந்ததல்ல. இந்தக் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் ஒளிந்து வாழ்கிறது. அமிலச் சூழலில் பல ஆன்டிபயாட்டிக்குகள் சரியாக வேலை செய்வதில்லை. ஒரே மருந்தைக் கொடுத்தால் சீக்கிரமே அதை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. ஆகவே இரண்டு ஆன்டிபயாட்டிக், அமிலத்தை அடக்க ஒன்று, பெரும்பாலும் கூடவே பிஸ்மத் என்று கூட்டு மருந்து வந்தது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெலிடாக் என்ற பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்மத், ஒரு மெட்ரோனிடசோல், ஒரு டெட்ராசைக்ளின். நாளுக்கு நாலு வேளை, பதினான்கு நாள். கணக்குப் போட்டால் 224 மாத்திரை. அமிலத்துக்கான மாத்திரை அதில் சேராது, தனி. வாயெல்லாம் உலோகம் கடித்த மாதிரி கசப்பு, குமட்டல், கறுப்பு நாக்கு, கறுப்பு மலம்.

இதில் ஒரு பொல்லாத முரண் இருக்கிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரை சில நாளிலேயே வலியைப் போக்கிவிடும். கிருமி அப்போது சாகவில்லை. நோயாளிக்குத் தெரியும் நோய் போய்விட்டது, மிச்சம் இருப்பது மருந்தின் தொல்லை மட்டும். எந்தப் புத்திசாலியும் நிறுத்தத்தான் செய்வார்! அதனால் பாதியில் விட்டவரை "பொறுப்பில்லாதவர்" என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

விட்டால் என்ன ஆகும் என்பதை டேவிட் கிரஹாம் குழு 1992-லேயே காட்டிவிட்டது. எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் 60 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்குக் கிருமி ஒழிந்தது. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் 69 சதவீதம். ஒழியாத கிருமி மருந்துக்குப் பழகியும் போகலாம், அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம், புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களின் பட்டியலில் கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் பைலோரியைச் சேர்த்தது.

வீட்டுக்குப் போன நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற கேள்வி பைலோரியோடு பிறந்ததல்ல. அதற்கு ஒரு பழைய முகவரி சென்னை சேத்துப்பட்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு சேர்ந்து அங்கே காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று பார்ப்பது முதல் வேலை. ஆகும் என்று 1959-ல் அறிக்கை வந்தது; உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மையத்தை நடத்திய வாலஸ் ஃபாக்ஸை வேறொரு விஷயம் உறுத்தியது: மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள், சாப்பிடுகிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் போய் மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கி, ஃபெரிக் குளோரைடு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது.

சோதிப்பது ஒரு வழி என்றால் பேசுவது இன்னொரு வழி. பைலோரி விஷயத்தில் அதை முதலில் முயன்றவர்கள் மருந்தாளுநர்கள்தான். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தை விளக்கிச் சொன்னார்கள். ஒரு பாதிப்பேருக்கு மட்டும் கூடுதலாக நாட்காட்டி, சின்ன மாத்திரைப் பெட்டி, நடுவில் ஒரு போன். 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம் 67 சதவீதம், போன் வந்த பக்கம் 89. வட அயர்லாந்தில் 2002-ல் வெளியான ஆய்வு சிறியது, 76 பேர்தான். மருந்தாளுநர் உட்கார்ந்து விளக்கி, பிறகும் விசாரித்த குழுவில் 94.7 சதவீதம் பேருக்குக் கிருமி போனது. வழக்கமான முறையில் 73.7. என் பெரியப்பாவின் வழக்கு இந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது.

ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட எந்த மருத்துவமனையில் ஆள் இருக்கிறது? அங்கேதான் குறுஞ்செய்தி உள்ளே வந்தது. முக்கியமான பாடம் கிடைத்தது வயிற்று நோயில் அல்ல, ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சையில்.

கென்யாவில் 2007-க்கும் 2008-க்கும் இடையில் 538 பேரிடம் நடந்த சோதனை. வாரம் ஒருமுறை மருத்துவமனை நர்ஸிடமிருந்து ஒரே ஒரு சொல் போகும்: "மாம்போ?" நம்ம பேச்சில் "எப்படி இருக்கீங்க?" மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நோயாளி 48 மணி நேரத்துக்குள் "சாவா" (நல்லா இருக்கேன்) அல்லது "ஷிடா" (ஒரு பிரச்சினை) என்று பதில் போடவேண்டும். ஷிடா என்றாலோ, பதிலே வராவிட்டாலோ நர்ஸ் கூப்பிடுவார். ஓராண்டு முடிவில் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 62 சதவீதம், செய்தி வராத குழுவில் 50. ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 57, மற்ற குழுவில் 48.

கேமரூனின் யாவுண்டேயில் 200 பேருக்கு வாராவாரம் ஊக்கமூட்டும் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அதன் மறுமுனையில் நர்ஸ் காத்திருக்கவில்லை. மருந்து எடுப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. கென்யாவிலேயே நடந்த இன்னொரு ஆய்வில் தினமும் செய்தி வந்தவர்களைவிட வாரம் ஒருமுறை வந்தவர்களே தேறினார்கள். தினமும் வந்தால் அது சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிவிடுகிறது போலும், சத்தம் காதில் விழாது.

இந்தியாவில் காசநோய்க்கு வந்த 99டாட்ஸ் முறை வேறு தினுசு. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். செலவில்லாத, நம் பழக்கத்துக்குப் பொருந்திய யோசனை. ஆனால் சேத்துப்பட்டு மையத்தின் வாரிசான காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சொல்லாமல் வீட்டுக்குப் போய் சிறுநீரைச் சோதித்தபோது, காலும் மாத்திரையும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கால் கொடுத்தவர் சாப்பிடாமலும், சாப்பிட்டவர் கால் கொடுக்காமலும் இருந்தார்கள். அறுபது வருஷம் கழித்தும் அதே சிறுநீர்க் குப்பி!

இப்போது சீனாவுக்கு வருவோம். வயிற்றுக் கிருமிக்கான செய்தி முறை உண்மையில் பெரிதாக நடக்கும் இடம் அதுதான். 2020-ல் உலகில் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்த நூறு பேரில் நாற்பதுக்கு மேல் அங்கே. ஷான்டோங் மாகாணத்தின் லின்சூ வட்டாரத்தில் 2011-ல் தொடங்கி கிராமம் கிராமமாக 1,80,000-க்கும் மேற்பட்டோரிடம் மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். கிருமி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து நாள் நால்வகை மருந்து. கிருமி ஒழிந்தது சுமார் 73 சதவீதம் பேருக்கு. ஒழியாததற்கான காரணங்களில் புகை, மது இவற்றோடு மாத்திரையைத் தவறவிட்டதும் இருந்தது. ஒரு வட்டாரத்தில் இவ்வளவு ஏற்பாடு செய்தும் நாலில் ஒருவருக்கு மேல் கிருமி தங்கிவிட்டது.

அதே 2011-ல்தான் வீசாட் வந்தது. சில வருடங்களில் பாட்டி தாத்தா வரை எல்லோர் கையிலும் அது. சீன மருத்துவமனைகள் முதலில் குறுஞ்செய்தி, பிறகு போன், பிறகு வீசாட் என்று பைலோரி நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தன. காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்கு முன் எது, பின் எது என்று ஒரு செய்தி. மது வேண்டாம் என்று ஒன்று. மலம் கறுக்கும், நாக்கு கறுக்கும், நிறுத்தாதீர்கள் என்று ஒன்று. எல்லாம் முடிந்து நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஒன்று. இந்தக் கடைசிச் செய்தியைச் சின்னதாக நினைக்கக் கூடாது. வலி போன பிறகு திரும்ப வந்து சோதித்துக்கொள்பவர்கள் குறைவு, சோதிக்காவிட்டால் கிருமி போனதா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியாது.

முடிவுகள் எப்படி? மாத்திரையை முழுதாகச் சாப்பிடுவது கூடியது, இதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. கிருமி ஒழிவது சில இடங்களில் கூடியது, சில இடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் ஆச்சரியமில்லை. சீன நிபுணர்களின் 2017 வழிகாட்டுதலே அந்நாட்டில் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 20 முதல் 50 சதவீதம், மெட்ரோனிடசோல் எதிர்ப்பு 40 முதல் 70 சதவீதம் என்கிறது. எதிர்க்கப் பழகிய கிருமியை எந்தச் செய்தியும் ஒன்றும் செய்யாது. மருந்தே தப்பாக இருந்தால் அதை ஒழுங்காகச் சாப்பிட்டு என்ன லாபம்?

இத்தனையும் படித்த பிறகு என் கணிப்பு இது: மறதிக்காக அனுப்பும் செய்தியைவிட பயத்துக்காக அனுப்பும் செய்திதான் வேலை செய்கிறது. பதினான்கு நாள் சிகிச்சையில் மறந்து விடுபவர்களைவிட, ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்து, கேட்க ஆளில்லாமல், முடிவெடுத்து நிறுத்துபவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது அலாரம் இல்லை. நாலாம் நாளுக்கு முன்பே "கறுப்பாகப் போகும், அது மருந்தால்" என்ற ஒரு வரியும், "ஷிடா" என்று எழுதினால் கூப்பிட ஒருத்தரும்தான். அந்த ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். செயலிகளை விற்பவர்கள் வசதியாக விட்டுவிடும் இடமும் அதுதான்.

பெரியப்பாவுக்கு ஆறு மாதம் கழித்து வலி திரும்பியது. இந்த முறை வேறு மருத்துவமனை, வேறு ஆன்டிபயாட்டிக், ஆனால் பிஸ்மத் அதேதான். அக்கா மகள் நர்ஸிங் படிக்கிறாள், அவள் வாட்ஸ்அப்பில் தினமும் இரவு "தாத்தா, இன்னிக்கு எப்படி?" என்று மட்டும் கேட்பாள். ஏழாம் நாள் அவர் குரல் செய்தி அனுப்பினார்: "வாயெல்லாம் கசக்குது, காபி கூட இறங்கல. இது இருக்கலாமா?" இருக்கலாம் தாத்தா, இன்னும் ஏழு நாள்தான் என்று அவள் பதில் போட்டாள். மூச்சுப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் போகவேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தவேண்டும் என்பதை அவரிடம் சொல்லும்படி இப்போதுதான் அவளுக்கு எழுதினேன்.