வாள் இழுத்த கைகள்

மன்னாரின் பழமையைப் பேசப் புகுவோர் மாந்தைத் துறைமுகத்தையும், அரிப்புக் கடலின் முத்துக்குளிப்பையும், பறங்கியர் 1560இல் எழுப்பிய கோட்டையையும் சொல்லி முடிப்பர். அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதிய நாமும் அவ்வளவோடு அமைந்திருந்தோம். ஆனால் கோட்டைக்குக் கதவு வேண்டும். கதவுக்குப் பலகை வேண்டும். பலகைக்கு மரத்தை நெடுக அரிய வேண்டும். அதை அரிந்தவர் யாவர், எவ்வாறு அரிந்தனர் என்பதும் வரலாறே ஆகும்.

முதலில் தீவைப் பார்ப்போம். தலைமன்னார் தொடக்கம் பள்ளிமுனை வரை கண்ணிற் படுவது பெரும்பாலும் பனையே. பனைக்கு வாளினும் ஆப்பே ஏற்றது. பாலை, முதிரை முதலிய மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும்; பனைக்கோ வைரம் வெளிப்புறத்தில், உள்ளே மென்மையான சோற்றி. கருநார்கள் அடிமுதல் நுனிவரை நெடுக ஓடுகின்றன. ஆகவே கோடரியால் தறித்து, ஆப்பு வைத்து அறைந்து பிளந்து, சோற்றியைச் செதுக்கி நீக்கினால் கைமரமும் சிலாகையும் கிடைத்துவிடும். பிளவு நாரின் போக்கிலேயே செல்வதால் நார் அறுபடுவதில்லை; அதனாலேயே பனங்கைமரம் ஓட்டின் பாரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கின்றது. தீவின் மற்றொரு பெருமரமாகிய பெருக்கமரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பள்ளிமுனையில் நிற்பதன் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். பார்க்க யானை, உள்ளே நீர் ஊறிய பஞ்சு. ஒரு நல்ல பலகைக்கும் உதவாது!

கதவு, பெட்டகம், வள்ளத்தின் பக்கப் பலகை ஆகியவற்றுக்கு வைரமரம் வேண்டுமாயின் பெருநிலத்துக் காட்டையே நாட வேண்டும். மடுவைச் சூழ்ந்தும் முசலிப் பக்கத்திலும் பாலை, முதிரை, வீரை என்பன வளர்கின்றன. பாலை நீரில் இட்டால் தாழ்ந்துவிடும், அத்தகைய கனம். அதனை முழுமரமாக மாட்டுவண்டியில் ஏற்றுவது எளிதன்று. எனவே மரம் விழுந்த இடத்திலேயே அரிவது அறிவுடைமை. அங்கேதான் இருவர் இழுக்கும் பெருவாளுக்கு வேலை வந்தது.

அடிமரத்தை ஒரு கிடங்கின் மேல் குறுக்கே கிடத்துவர். நிலம் மணலாயினும் நீர் ஊறுவதாயினும் கிடங்கு வெட்ட இயலாது. அப்பொழுது கவர்க்கால்கள் நட்டு மரத்தை உயரத்தில் ஏற்றிக் கட்டுவர். கரித்தூளில் தோய்த்த நூலை இழுத்து அடித்தால் மரத்தின் மேல் கருங்கோடு விழும். ஆளுயரத்தையும் மிஞ்சிய வாளை நிமிர்த்திப் பிடித்து, ஒருவர் மரத்தின் மேலும் மற்றவர் அதன் கீழும் நிற்பர். மேலே நிற்பவர் வாளைத் தூக்கிக் கோட்டிலே செலுத்துவார். கீழே நிற்பவர் இழுக்கும்போதே பற்கள் மரத்தைத் தின்னும். அரிந்த வெட்டு இறுகி வாளைக் கவ்வாதபடி அதற்குள் ஆப்புச் செருகுவர். அலகுக்கு இடையிடையே எண்ணெய் பூசுவர். பற்களையும் வெறுமனே கூராக்கினாற் போதாது. ஒன்றை வலப்புறமும் அடுத்ததை இடப்புறமுமாகச் சிறிதளவு மடித்துவிட வேண்டும். அவ்வாறாயின் வெட்டு அலகினும் அகலமாகி வாள் தடையின்றி ஓடும். அரம் பிடித்து இதனைச் செவ்வனே செய்யத் தெரிந்தவரே தேர்ந்த தொழிலாளி.

மரத்தைக் குறுக்கே துண்டாக்கும் இருபிடி வாள் வேறு. அதன் பல் உளிபோல் அன்றிக் கத்திபோல் நாரை அறுப்பது. அங்கே இருவரும் மாறி மாறி இழுக்க வேண்டுமேயன்றித் தள்ளுதல் ஆகாது. தள்ளினால் அலகு வளையும்.

கீழே நின்றவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மேலிருந்து விழும் தூள் முழுவதும் அவர் கண்ணிலும் மூக்கிலும் வியர்த்த தோளிலும் படியும். முதிரைத் தூள் சிலருடைய தோலிற் பட்டால் சொறியும் கொப்புளமும் உண்டாகும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. ஆங்கிலேயர் மேலே நிற்கும் வாள்காரனைக் குறித்த சொல்லையே ‘மேலானவன்’ என்ற பொருளிலும் வழங்கினர். கோட்டைப் பார்த்துச் செலுத்தும் பொறுப்பு மேலவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மரத்தை அரிந்த விசை கிடங்குக்குள் நின்றவருடையது அல்லவா? அவருக்கென்று ஒரு புகழ்ச்சொல் ஆங்கிலத்திலும் எழவில்லை, தமிழிலும் எழவில்லை.

ஐரோப்பியர் நமக்கு முன்பே இயந்திரத்தைக் கண்டனர் என்பது உண்மை. ஒல்லாந்தரான கொர்னெலிஸ் கொர்னெலிசூன் 1593இல் காற்றாலையால் மரம் அரியும் பொறிக்கு உரிமம் பெற்றார். அவ்வகை ஆலைகள் அரிந்து கொடுத்த பலகைகளால் ஒல்லாந்தரின் கப்பற்கட்டுந் தொழில் ஓங்கியது. அக்கடற்படையே 1658இல் மன்னார்க் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றியது. இங்கிலாந்திலோ இலண்டன் லைம்ஹவுசில் எழுந்த மரஆலையை 1768இல் கைவாள் தொழிலாளர் கூடிச் சென்று தகர்த்தனர். தம் பிழைப்புப் போகின்றதே என்ற ஏக்கம் எந்நாட்டுக் கைக்கும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கூற்றை ஆராய வேண்டும். நல்ல தச்சுவேலையைப் பறங்கியரே நமக்குக் கற்பித்தனர் எனச் சிலர் எண்ணுகின்றனர். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்பன போர்த்துக்கேயச் சொற்கள். வீட்டுத் தீராந்தியும் அம்மொழி தந்ததே. லாச்சி ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. இவற்றை மறைப்பதாற் பயனில்லை. ஆயினும் வாள், உளி, அரம், ஆப்பு, கதவு என்பவை தமிழ்ச் சொற்களாகவே நிற்கின்றன. பொருள்களின் பெயர் கடல் கடந்து வந்தது. அவற்றைச் செய்த கருவிகளின் பெயர் முன்னமே இங்கிருந்தது. புதிய வடிவங்களைக் கண்டு பழகிய கை, முன்பே பழகிய கை என்பதே எமது துணிபு.

1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் இராமேசுவரப் பக்கத்துக்குக் கப்பற்சேவையும் தொடங்கின. வெளியூர்ப் பலகை வருவதற்கு வழி திறந்தது. பின்னர் இயந்திர ஆலைகளும் சங்கிலிவாளும் வந்தன. ஒருவர் ஒரு பொழுதில் முடிப்பதற்கு இருவர் பல நாள் வாள் இழுக்க யார் முன்வருவர்? 1990இன் போர்க்கால இடப்பெயர்வுகளில் வீடுகளோடு கருவிகளும் கைவிடப்பட்டன. அவ்வாண்டு நின்ற புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னார் வந்தது. கிடங்கில் நின்றவர்கள் வரவில்லை.

இளைஞர்கள் தத்தம் ஊரில் பழைய வீடோ மடமோ கண்டால் கதவின் முகப்பை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். சீவுளி படாத பின்புறத்தையும் பரணின் அடிப்பக்கத்தையும் விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். வளைந்த வில்போன்ற கீறல்கள் இருந்தால் அது வட்டவாள் ஆலையில் அரிந்தது. நேர்க்கோடுகள் ஒரே அளவான இடைவெளியில் நெருங்கி ஓடினால் பெரும்பாலும் அதுவும் இயந்திரவேலைதான். கோடுகள் நேராக இருந்தும், ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகி, சிறிது சாய்ந்து, பின் நிமிர்ந்து காணப்படின் அது இருவர் இழுத்த வாள். சாய்வு மாறும் இடம் அவர்கள் களைத்து நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கிய இடமாக இருக்கலாம். அருகில் ஒரு பெரியவர் இருப்பாராயின் அம்மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அரிந்தவர் யார் எனக் கேட்டு, அவர் சொல்லும் பெயரை அன்றே எழுதி வைத்துக்கொள்க.