பள்ளி மேலாண்மைக் குழு

அரசுப் பள்ளியின் நிர்வாகத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி இடம் தரும் அமைப்பு. 2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில் இதனை வகுத்தது. சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. உதவி பெறாத தனியார் பள்ளிகளை இப்பிரிவு கட்டுப்படுத்தாது.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மானியச் செலவைச் சரிபார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை குழுவின் பணிகள். இவற்றுள் கடைசிப் பணியே முதன்மையானது. கழிப்பறை பழுது, ஆசிரியர் பற்றாக்குறை, இடைநின்ற பிள்ளைகள் என வீட்டுக்கு வீடு பேசப்படும் குறைகள் திட்டத்தில் ஏறும்போதுதான் அரசின் பரிசீலனைக்குரிய கோரிக்கைகளாகின்றன. படிக்காத தாயும் இதில் பங்கேற்கலாம். உறுப்பினராகக் கல்வித் தகுதி எதையும் சட்டம் விதிக்கவில்லை. பிள்ளையின் பாடத்தைச் சொல்லித்தர இயலாதவர்களுக்கும் கல்வியில் பொறுப்பு தந்தது இச்சட்டத்தின் பெருஞ்சிறப்பு.

தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. பெற்றோர் ஒருவரே தலைவர். தலைமை ஆசிரியரும் குழுவில் உறுப்பினர். தீர்மானம் எழுதி முடித்தபின் கையெழுத்துக்கு மட்டும் பெற்றோரை அழைக்கும் பள்ளியில் குழு பெயரளவில்தான் இருக்கிறது. கூட்டத்தில் கணக்கைக் கேட்பதும் பார்ப்பதும் உறுப்பினரின் சட்டபூர்வமான உரிமை.