போர்க்காலப் ‘பாதுகாப்பு வலயம்’: சட்டம் சொல்வது என்ன, வன்னியில் நடந்தது என்ன?

போர் நடக்கும் இடத்தில் பொதுமக்கள் ஒதுங்கி உயிர் பிழைப்பதற்காகக் குறிக்கப்படும் பகுதி ‘பாதுகாப்பு வலயம்’ எனப்படுகிறது. 2009ஆம் ஆண்டில் வன்னிச் செய்திகளைக் கவலையோடு பின்தொடர்ந்த மலேசியத் தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. காஸா பற்றிய செய்திகளிலும் இதே சொல் அடிபடுகிறது. ஆனால், சட்டம் கூறும் வலயம் வேறு. ஒரு தரப்பு மட்டும் அறிவிக்கும் வலயம் வேறு.

சட்டம் கேட்பது

1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 15ஆம் விதியில் இதற்கு வழி சொல்கிறது. வலயம் எங்கே அமையும், யார் நிர்வகிப்பது, உணவு எப்படி வந்து சேரும், யார் கண்காணிப்பது ஆகியவற்றில் போரிடும் தரப்புகள் ஒப்புக்கொண்டு, எழுத்தில் கையொப்பமிட வேண்டும். காயமடைந்தோரும் போரில் ஈடுபடாத பொதுமக்களும் அங்கே தங்கலாம். இந்த விதி நாடுகளுக்கு இடையிலான போருக்காக எழுதப்பட்டது. உள்நாட்டுப் போரிலும் இத்தகைய ஏற்பாடுகளைச் சிறப்பு உடன்பாடுகள் மூலம் நடைமுறைப்படுத்த இரு தரப்பும் முயல வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 3ஆம் விதி கூறுகிறது.

யாழ்ப்பாண மருத்துவமனை

இலங்கைப் போரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டனர். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பிறகு, அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஒப்புக்கொண்டதன் பேரில் அதே மருத்துவமனை அனைத்துலகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பின் கீழ் வந்தது. இரு தரப்பின் சம்மதமும், நடுநிலையான ஓர் அமைப்பின் நேரடிப் பிரசன்னமும் அங்கே இருந்தன.

வன்னி, 2009

வன்னியில் அறிவிக்கப்பட்ட வலயங்களுக்கு இரு தரப்பின் சம்மதம் இல்லை. 2008 செப்டம்பரில் ஐநா பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 ஜனவரி 21ஆம் தேதி, சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்பை இலங்கை அரசாங்கம் தானாகவே பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. புலிகளுடன் உடன்பாடு ஏதும் செய்யப்படவில்லை. சில நாட்களிலேயே, சுதந்திரபுரம் சந்திக்கு அருகே ஐநா அமைத்திருந்த உணவு விநியோக மையத்தின் மீது எறிகணைகள் விழுந்தன. அந்த இடத்தின் விவரம் முன்கூட்டியே இராணுவத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது.

பிப்ரவரி 12ஆம் தேதி இரண்டாவது வலயம் புதுமாத்தளன் கடலோரத்தில் சுமார் 14 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. மே மாதம் அறிவிக்கப்பட்ட மூன்றாவது வலயம் அதைவிடச் சிறியது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஐநா நிபுணர் குழு அறிக்கை இரு தரப்பையும் குற்றம் சாட்டியது. வலயங்களுக்குள்ளும் மருத்துவமனைகள் மீதும் அரசாங்கப் படைகள் எறிகணை வீசின. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர். தப்பியோட முயன்றவர்களைச் சுட்டனர். மக்கள் நடுவே இருந்து பீரங்கித் தாக்குதலும் நடத்தினர்.

உள்ளே சுமார் 70,000 பேர்தான் இருப்பதாக அரசாங்கம் கூறியது. ஆனால், போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்திற்கும் அதிகம். குறைத்துக் காட்டிய கணக்கு, அனுப்பப்பட்ட உணவையும் மருந்தையும் குறைத்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை அக்குழு மறுக்கவில்லை.

அந்த மாதங்களிலும் உடன்பாடு இருந்த இடத்தில் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. இரு தரப்பும் வழிவிட்ட நாட்களில் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்கள் கரைக்கு வந்தன. காயமடைந்தோர், நோயாளிகள், உடன் சென்ற உறவினர்கள் என ஏறக்குறைய 14,000 பேர் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு செல்லப்பட்டனர்.

வலயத்திற்கு வெளியே இருப்பவர்கள்?

வலயம் அறிவிக்கப்பட்டதால், அதற்கு வெளியே உள்ளவர்கள் மீது தாக்குதல் நடத்தும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. வெளியேற முடியாத முதியவரும் நோயாளியும் பொதுமக்களே. எதிர்த்தரப்பு வலயத்திற்குள் ஆயுதம் கொண்டு வந்தாலும், அங்குள்ள மக்கள் தங்கள் பாதுகாப்பை இழப்பதில்லை. இலக்கைப் பிரித்தறியும் கடமை தாக்குபவருக்குத் தொடர்ந்து உண்டு.

2023 நவம்பரில் காஸாவில் ‘பாதுகாப்பு வலயம்’ அமைக்கும் யோசனை வந்தபோது, எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளாத எந்த வலயத்திலும் பங்கேற்க மாட்டோம் என்று ஐநா அமைப்புகளின் தலைவர்களும் பிற உதவி அமைப்புகளின் தலைவர்களும் கூட்டாக அறிவித்தனர்.

இனி இப்படியொரு அறிவிப்பு செய்தியில் வரும்போது கவனிக்க வேண்டியவை நான்கு: இரு தரப்பும் ஒப்புக்கொண்டனவா? நடுநிலை அமைப்பு உள்ளே இருக்கிறதா? உணவும் மருந்தும் போய்ச் சேருகின்றனவா? மக்கள் விரும்பினால் வெளியேற முடிகிறதா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், அது வரைபடத்தில் போட்ட ஒரு கோடு மட்டுமே.